வாயில் காக்கும் பொறியும் கட்டியக்காரனும்

இணையவழி வெளிவரும் படக்கதைகளில் மாயக்கலை பயிற்றும் பள்ளியொன்று கதைக்களமாக அமைவது இந்நாளில் பெருவழக்கு. அப்பள்ளிகளின் வாயிலில் இரும்பாலான எந்திரக் காவலரை நிறுத்துவதும், அவரை வாயிலைக் காக்கத் தெரியாதவராகப் படைத்து நகைப்பூட்டுவதும் ஆங்காங்குக் காணப்படுகின்றன. பகைவனுக்கு வழிவிட்டு ஆசிரியரைத் தடுத்தல், ஒருவரையொருவர் கள்வரென்று பிடித்தல், தாம் காக்க வேண்டிய கதவைத் தாமே பெயர்த்தல் என்பன அவர்தம் செயல்கள். வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களைச் சார்ந்த சிற்றூர்களிலிருந்து வந்து முதுகலை பயிலும் மாணவர் சிலர் இத்தகைய கதையொன்றைப் பற்றி உரையாடியபோது, அவருள் ஒருவர், “இவன் எங்கள் ஊர்க் கூத்துக் கட்டியக்காரன்தான், தகரச் சட்டை போட்டிருக்கிறான்” என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னது ஆராய்தற்குரியது என எனக்குத் தோன்றிற்று. இருவரும் ஒருவர்தாமா? கட்டியக்காரன் நகைப்பும் எந்திரக் காவலன் நகைப்பும் ஓரிடத்திற் பிறந்தனவா? இல்லை என்பதே என் முடிபு. அவ்வேறுபாட்டை அறியத் தொல்காப்பியமே போதிய கருவி தருகின்றது.

நகை பிறக்கும் களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு என மெய்ப்பாட்டியல் வகுக்கும். இவற்றுட் பின்னிரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பேதைமையும் அறிவின்மை, மடமையும் அறிவின்மை. எனின் இரண்டாக எண்ணுவது எற்றுக்கு? உரையாசிரியர் இவ்விடத்துத் தம் நுண்மையைக் காட்டினர். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது வேறு. ஒருவர் கொளுத்தியதை அவ்வாறே கொண்டு, கொண்டதை விடாதிருத்தல். பேதைக்கு ஒன்றும் ஏறாது. மடவோர்க்கு ஏறியது இறங்காது. மகளிர்க்குரிய நாற்குணத்துள் ஒன்றாக இம்மடத்தை வைத்துப் புகழ்ந்த மரபு, நகைக்குக் காரணமாகவும் அதனையே வைத்தது நோக்கத்தக்கது. பெண்ணுக்கு அணியென்று சொல்லப்பட்டது ஏனையோர்க்கு நகைப்பாவது ஏன் என்பது தனியே எழுதற்குரிய பொருள், ஈண்டு விடுக்கின்றேன்.

எந்திரக் காவலனின் குறை யாது? அவன் பேதை அல்லன். ‘அடையாளச் சீட்டு இல்லாரை உள்ளே விடாதே’ என்று கொளுத்தினால், சீட்டைத் தீயில் இழந்து ஓடிவரும் தலைவரையும் விடான். ‘சீட்டு உடையாரை விடுக’ என்றால் திருடிய சீட்டுடன் வரும் பகைவனுக்குத் தலைவணங்குவான். கொண்டது விடாமையே அவன் இயல்பு. உரைகாரர் மடனுக்கு வகுத்த இலக்கணம் எந்திரத்திற்கென்றே வகுத்ததுபோல அமைந்துவிட்டது. இதில் ஆசிரியத் தொழிலினர்க்குச் சிறிது உறுத்தலும் உண்டு: கொண்டவன் மேல் நாம் நகுகின்றோம், கொளுத்தியவன் யாவன் என்று கேட்பதில்லை.

பிரெஞ்சு மெய்யியலார் ஆன்றி பெர்க்சன் 1900இல் வெளியிட்ட நகைப்பைப் பற்றிய நூலில், உயிருடைய ஒன்று பொறிபோல் இயங்குமிடத்து நகை தோன்றும் என்றார். தெருவில் நடப்பவன் இடறி விழுதல், சொன்னதையே சொல்லுதல், பழக்கத்தால் கை தானே அசைதல் ஆகியவை அவர் கருத்துக்கு ஏற்ற காட்டுகள். ஆயின் பொறி பொறியாகவே இயங்குமிடத்து நகை எங்ஙனம் பிறக்கும்? நெல் அரைக்கும் பொறி நின்றுவிட்டால் நாம் சினக்கிறோமேயன்றிச் சிரிப்பதில்லை. பொறிக்கு முகம் எழுதி, மீசை வைத்து, ‘நில், யார் அங்கே’ என்று பேசவிட்ட பிறகே அதன் பிழை நகையாகின்றது. நாணுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் கயிற்றால் ஆடும் மரப்பாவையை ஈண்டு நினைக. உயிருடையதுபோல் மருட்டுவதே அப்பாவையின் தொழில். அம்மருட்டு முறியும் கணத்தில் நகை பிறக்கும். பெர்க்சனும் வள்ளுவரும் ஒரே கயிற்றின் இரு முனைகளைப் பிடித்திருப்பதாகத் தோன்றுகின்றது.

பழைய பொறிக் காவலர்

நம் பழைய இலக்கியங்களில் பொறிக் காவல் பெரிதும் பேசப்படுகின்றது. நகைப்பாக ஓரிடத்தும் பேசப்படவில்லை. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரைப் புறமதிலின் பொறிகள் நிரலாகக் கூறப்பெறும். தானே வளைந்து எய்யும் வில், கல்லை உமிழும் கவண், காய்ந்த எண்ணெய் பெய்த மிடா, கையைப் பொதிர்க்கும் ஊசி, பன்றி வடிவாய பொறி என அப்பட்டியல் நீள்கின்றது. அதனுள் கரிய விரலையுடைய குரங்குப் பொறி ஒன்றும் உண்டு. நெருங்கினாரைக் கடிப்பது அதன் தொழில். குரங்கு என்றாலே நகைக்கும் நாட்டில், மதில்மேலமர்ந்த குரங்கைப் புலவர் நகைப்பாக ஆக்கவில்லை. அரணின் அச்சத்தைக் குறைக்கும் எதனையும் அவர் விரும்பவில்லை போலும்.

புகார் நகரத்து வெள்ளிடை மன்றம் இதனினும் வியப்புடையது. ஊரும் பேரும் அளவும் பொறித்த பொதிகள் அங்கே அடைப்பும் காவலாளரும் இன்றிக் கிடக்கும். கள்வன் ஒருவன் ஒரு பொதியை எடுத்துத் தலையில் வைப்பானாயின், கழுத்துக் கடுக்க அதனைச் சுமந்து சுழன்று வருவானேயன்றி வெளியே போக முடியாது. ஆளில்லாத காவல், பிழையாத காவல். இக்காட்சியில் நகைப்பு இல்லாமற் போகவில்லை. ஆனால் நகைக்கப்படுபவன் காவலன் அல்லன், கள்வன். காவல் பிழைக்காதவிடத்து நகை கள்வன் மேற் செல்லும்; காவல் பிழைத்தவிடத்துக் காவலன் மேல் மீளும். எந்திரக் காவலர் கதைகள் யாவற்றிற்கும் இவ்வொரு திருப்பமே அடிப்படை.

அகப்பாட்டுக் காவலரும் பிழையாதவரே. இரவுக்குறி வரும் தலைவனுக்கு இடையூறாவனவற்றை அடுக்கிக் கூறும் பரணர் பாட்டு ஒன்று அகநானூற்றில் உண்டு. தாய் உறங்கினால் ஊர்க்காவலர் கடுகித் திரிவர். அவர் அயர்ந்தால் நாய் குரைக்கும். நாய் அடங்கினால் நிலவு எறிக்கும். காவலர் உறங்கவில்லையே என்பது அங்கே தலைவியின் வருத்தம். உறங்கும் காவலனைப் பாடிச் சிரிக்க அம்மரபுக்கு இடமில்லை. வாயில் மறுக்கும் தோழியே சங்க இலக்கியத்தின் தலைசிறந்த வாயிற்காவலர் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. அவளை எந்தப் பாணனும் ஏமாற்றியதில்லை.

சிந்தாமணியில் இவ்வொழுங்கு ஒருவகையில் தலைகீழாகின்றது. சச்சந்தன் தன் நாட்டைக் காக்குமாறு கட்டியங்காரனிடம் ஒப்படைத்தான். காவல் ஏற்றவனே அரசைக் கவர்ந்து அரசனைக் கொன்றான். கருவுற்றிருந்த விசயையைக் காத்தது மயிற்பொறி. மனிதக் காவல் வஞ்சித்தது. மரப்பொறி வஞ்சியாது சென்று சுடுகாட்டில் இறங்கிற்று. இவ்விடத்து மாணவர் அடிக்கடி செய்யும் பிழையொன்றைச் சுட்டுதல் வேண்டும். கட்டியங்காரன் என்னும் பெயர், வடமொழிச் சமண நூல்களில் வரும் காஷ்டாங்காரன் என்பதன் தமிழ் வடிவம். கூத்தில் வரும் கட்டியக்காரன், கட்டியம் கூறுவோன். கட்டியமாவது அரசன் வருகையில் அவன் சிறப்புப் பெயர்களை உரத்துக் கூறுதல். ஓசை ஒத்தலால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளற்க.

பிற நாட்டுக் கதைகளும் இக்கருத்துக்கு மாறாகா. கிரீட்டுத் தீவை நாள்தோறும் மும்முறை வலம்வந்து காத்த வெண்கல வீரன் தாலோசு கிரேக்கக் கதைகளில் அஞ்சத்தக்கவன். மெதேயாவின் சூழ்ச்சியால் கணுக்கால் வழியே உயிர்நீர் ஒழுகி வீழ்ந்தான். 11ஆம் நூற்றாண்டில் போசன் பெயரால் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம், வாயிலில் தடி ஏந்தி நின்று புகுவாரைத் தடுக்கும் மரப்பாவைகளையும், இரவிற் புகும் கள்வரை வாளால் தாக்கும் பாவைகளையும் அரண்மனைக்கு உரியனவாகக் கூறும். பாலி உரைநூல்கள் சொல்லும் கதையொன்று நமக்கு மிகவும் பயன்படும். அசாதசத்துரு மன்னன் புதைத்த புத்தர் எச்சங்களைச் சுற்றி வாளேந்திய மரப்பாவைகள் இடைவிடாது சுழன்று காத்தன. பின்னாளில் அசோகன் அவற்றை அணுக மாட்டாது நின்றபோது, விசுவகருமன் ஐங்குடுமி வைத்த சிற்றூர்ச் சிறுவன் வடிவில் வந்து, பொறியின் இணைப்பில் ஓர் அம்பு எய்தான். பாவைகள் யாவும் கழன்று வீழ்ந்தன. தலைமுறை தலைமுறையாக ஓயாது சுழன்ற காவலை ஒரு நாட்டுப்புறச் சிறுவன் ஓரம்பால் முடிக்கின்றான். நகைப்பின் வாயில் இங்கே சற்றே திறக்கின்றது. கதைசொல்லி அதனுள் நுழையாமற் கடந்து போகிறார்.

கோயில் வாயிலிலும் இதே நிலை. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலுக்கோ பாகூர் மூலநாதர் கோயிலுக்கோ செல்வோர், துவாரபாலகரை நோக்காது உட்புகுதல் இயலாது. தண்டின்மேல் ஊன்றிய கால், அச்சுறுத்தும் சுட்டுவிரல், உள்ளிருப்பவன் பெருமையை வியக்கும் மற்றொரு கை என்பன துவாரபாலகர் வடிவத்தின் பொதுவிலக்கணம். பேசாத காவலர் இவர். அதே ஊரில், விழாக்காலத்து இரவு, கோயிலுக்குச் சிறிது தொலைவில், பேசுகின்ற காவலன் ஒருவன் வருகிறான்.

கூத்துக் கட்டியக்காரன்

புதுவை வட்டாரமும் அதனைச் சூழ்ந்த தென்னார்க்காட்டு, செங்கற்பட்டுப் பகுதிகளும் தெருக்கூத்தின் பழைய நிலங்கள். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாவை ஒட்டிப் பாரதக் கூத்து இரவு முழுவதும் ஆடப்பெறும். பகலிற் பாரதப் பிரசங்கம், இரவிற் கூத்து, இறுதியில் தீமிதி என்பது விழாவின் பொது அமைப்பு. அவ்விரவின் முதல் மாந்தன் கட்டியக்காரன். காப்புப் பாடல் முடிந்ததும் அவன் ஆடிக்கொண்டு அவைக்கு வருவான். தான் இன்ன அரசனின் வாயிற்காவலன், இன்று நடக்கவிருப்பது இன்ன கதை என அறிவிப்பான். பின்னர் இருவர் பிடித்த திரைக்குப் பின்னே அரசன் நிற்க, அவனை நோக்கிக் கட்டியக்காரன் ‘நீர் யார்?’ என்று கேட்பான்.

இக்கேள்வியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அவன் அந்த அரசனின் ஊழியன். சற்று முன்னர்த்தான் அவ்வரசன் பெயரைச் சொல்லிக் கட்டியம் கூறியவன். அவனே இப்பொழுது அரசனை அறியாதவனாகிறான். காவலன் தன் தலைவனை அடையாளம் காணாமை! இணையப் படக்கதையின் எந்திரக் காவலன் தன் பள்ளித் தலைவரைத் தடுப்பதும் இதே செயல்தான். மாணவர் கூறியது ஈண்டு முற்றும் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் எந்திரத்திற்கு அது மடன். கட்டியக்காரனுக்கு அது எள்ளல். அவன் அறியாதவன் அல்லன், அறியாதான்போல் கேட்பவன். அவன் கேட்டாலன்றி அரசன் தன் பெயர், குடி, நாடு, வெற்றி எதனையும் சொல்ல முடியாது. அரசன் தன்னைத் தானே புகழ்ந்து கொள்ள வேண்டிய நிலைக்கு வாயிற்காவலன் அவனைக் கொணர்ந்துவிடுகிறான். திருக்குற்றாலக் குறவஞ்சியிலும் கட்டியக்காரன் வருகிறான். அவன் தலைவனின் உலாவை அறிவித்து ஒழுங்காக நீங்குகிறான். அவன் கட்டியத்தை ஒப்பிக்கிறான். கூத்துக்காரனோ அதனை அரசன் வாயிலிருந்தே பிடுங்குகிறான்.

அவன் இரண்டாவது கருவி மொழி. அரசன் பேசுவது விருத்தமும் தருவும் கலந்த நடை. வசனத்திலும் வடசொல் மிகும். கட்டியக்காரன் பேசுவது அவ்வூர்ப் பேச்சு. அரசன் சொல்லும் அருஞ்சொல்லை அவன் ஓசையொத்த வேறொரு சொல்லாகக் கேட்டு மறுமொழி சொல்வான், அரசன் திருத்துவான், திருத்தத்தில் அச்சொல்லின் பொருள் அவைக்கு விளங்கிவிடும். உரையாசிரியர் பதவுரை எழுதுவதை இவன் பிழையாகக் கேட்டு முடிக்கிறான். நாட்டில் மாதம் மும்மாரி பொழிகின்றதா என அரசன் கேட்கும் மரபுக் கேள்வி யாவரும் அறிந்தது. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருமா என்று ஆண்டுதோறும் வானத்தையும் மதகையும் மாறிமாறிப் பார்க்கும் உழவர் நிறைந்த அவையில், காவலன் அவ்வாய்க்காலின் பெயரைச் சொன்னாற் போதும். அத்தினாபுரம் ஒரு கணத்தில் பாகூராகிவிடும்.

பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுத்தார்: தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் தான் எள்ளப்பட்டவழி நகுதல். கட்டியக்காரனிடம் இவ்விரண்டும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. அரசனை எள்ளுவான், உடனே அரசன் கைக்கோலால் அடிக்க வருவான், ஓடுவான், ஓடும்போது தன்னையே இழித்துப் பேசி அவையைச் சிரிக்க வைப்பான். தன்னை எள்ளிக்கொள்வது அவனுக்குக் கேடயம். துரியோதனனுக்கு அவையோர் முன் உண்மை சொல்லக்கூடியவன் விதுரன். அவனும் சினந்து வெளியேற வேண்டியவனாயினான். கட்டியக்காரன் அதனினும் கடியதைச் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறான். அவன் காக்கத் தெரியாத காவலன் என்பது முன்னரே முடிவாகிவிட்டது ஆகலின், அவன் சொல்லுக்கு யார் வழக்குரைப்பார்?

அவன் ஓரிடத்தில் நிலைப்பதும் இல்லை. தூதனாவான், ஏவலாளாவான், வேண்டுமிடத்து அந்தணனாவான், ஆய்ச்சியாவான். வாயிலை விட்டு நீங்காதிருத்தலே காவலனின் முதற்கடன் எனின், கதை முழுவதும் வாயிலை விட்டு நீங்கித் திரிபவன் இவனே. ஆயினும் திரௌபதியைத் துகிலுரியும் காட்சியில் அவன் நகைப்பு அடங்கிவிடுவதை நல்ல கலைஞரிடம் காணலாம். எந்த இடத்திற் பேசாதிருத்தல் வேண்டும் என்பதை அவன் அறிவான். மடனுடையார்க்கு இது வாராது.

தலையாற் பெயர் பெற்றோர்

கட்டியக்காரனுக்கும் எந்திரத்திற்கும் இடையே ஒரு பாலம் உண்டு. அது தோற்பாவைக்கூத்து. அதில் வரும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இணைபிரியாத நகைச்சுவை மாந்தர். இராமகதைக்குள் இவர்களுக்கு வேலை இல்லை. ஆயினும் எல்லா வேலையிலும் தலையிடுவர். ஒருவன் பெயர் உச்சியிலுள்ள குடுமியால் வந்தது. மற்றவன் பெயர் உளுவை மீனின் தலைபோன்ற தலையால் வந்தது. இவர்கள் உடல் கயிறும் குச்சியும் இயக்கும் உடல். பேச்சோ கட்டியக்காரனின் பேச்சு.

இவர்தம் பெயர்வைப்பு முறை நம் காலத்துப் படக்கதை வரை வந்துள்ளது. ஆங்கிலச் சிறுவர் இதழ் ‘லயன்’ 1952இல் தொடங்கிய எந்திர மனிதன் கதை, பின்னர்ச் சிவகாசியிலிருந்து வெளிவந்த லயன் காமிக்ஸ் வாயிலாக இரும்பு மனிதன் ஆர்ச்சி எனத் தமிழுக்கு வந்தது. வலிமையும் தற்பெருமையும் மிக்க அவ்வெந்திரனைத் தமிழ்ப் படிப்பாளர் ‘சட்டித்தலையன்’ என வழங்கினர். உளுவத்தலையனுக்குப் பின் சட்டித்தலையன்! அயல்நாட்டு எந்திரன் தமிழில் நுழைந்தவுடன் பாவைக்கூத்து மேடையில் அவனுக்கு ஓரிடம் ஒதுக்கப்பட்டது என்று கொள்வதில் தவறில்லை. இப்பெயரை இட்டோர் பெரும்பாலும் சிறுவர் என்பதனால் இதனை இலக்கியச் சான்றாகக் கொள்ளலாகாது என்பாரும் உளர். பெயரிடுவதில் சிறுவரைவிடக் கூர்மையானவர் யாவர் என்பதை அவர் சொல்லல் வேண்டும்.

சுசாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ, காவலுக்குரிய நாயின் வடிவில் அமைந்த பொறி. அது காவலை விட்டுச் சிந்திக்கத் தொடங்கிற்று. ஆகலின் அது மடனைக் கடந்தது, நம் ஆராய்ச்சியையும் கடந்தது. 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படத்தில் மடன் முழுதும் விளங்குகின்றது. கையூட்டு விரும்பும் போக்குவரத்துக் காவலர் ‘வெட்டு’ என்னும் சொல்லைத் தம் வழக்கில் ஆள, எந்திரன் அதன் நேர்ப்பொருளைக் கொண்டு அவர் கையை வெட்டுகின்றான். ஓசையொத்த சொல்லால் நகைப்பூட்டுதல் கட்டியக்காரனின் கலை என்று முன்னர்க் கண்டோம். ஆனால் கட்டியக்காரன் வேறு பொருளை வேண்டுமென்றே கொள்கிறான். எந்திரனுக்கு வேறு பொருளே இல்லை. அப்படத்திலேயே, தீப்பற்றிய வீட்டிலிருந்து குளித்துக்கொண்டிருந்த பெண்ணை எந்திரன் ஆடையின்றிக் காத்துக் கொணர்ந்து ஊர்முன் நிறுத்துகிறான். அவள் நாணம் தாங்காது ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். காவல் பிழைக்கவில்லை, உயிர் போயிற்று. மடனிலிருந்து நகையும் அழுகையும் பிறத்தல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த காட்டு எனக்குத் தெரியவில்லை. தொல்காப்பியர் எண்மெய்ப்பாட்டில் நகையை அடுத்து அழுகையை வைத்தமைக்கு வேறு காரணம் இருக்கலாம். வகுப்பில் இக்காட்சியைச் சொன்னபோது மாணவர் அவ்வைப்பு முறையை உடனே நினைவுகூர்ந்தனர்.

வெட்டி என்னும் சொல்

எந்திர மனிதனுக்கு உலகெங்கும் வழங்கும் ‘ரோபோ’ என்னும் பெயர் செக்கு நாட்டு நாடகாசிரியர் காரல் சாப்பெக்கு 1920இல் வெளியிட்ட நாடகத்தால் பரவிற்று. அச்சொல்லைச் சொல்லிக் கொடுத்தவர் அவர் உடன்பிறந்தார் யோசெப்பு. செக்கு மொழியில் ‘ரோபோட்டா’ என்பது நிலக்கிழாருக்குக் குடிகள் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்பு. இதற்கு நேரான சொல் நம் சோழர் கல்வெட்டுக்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் உண்டு. அஃது ‘வெட்டி’. வடமொழி விஷ்டியோடு தொடர்புடையது இச்சொல். கூலியில்லா உழைப்பையும் அதற்கீடான வரியையும் குறித்தது. ஊர்ப்பணி செய்வோன் வெட்டியான் எனப்பட்டான். இன்று வெட்டி என்பதற்குப் பயனின்மை என்பதே பொருள். வெட்டிப்பேச்சு, வெட்டிப்பொழுது, வெட்டியாள் என்கிறோம்.

கூலி கொடாமல் வாங்கிய உழைப்பின் பெயர் எவ்வாறு பயனற்றதன் பெயராயிற்று? உழைத்தவனுக்குப் பயன் தராத வேலை ஆதலின் வெட்டி வேலை என்றானது என்பது நேரிய விளக்கம். ஆயின் சொல்லைப் பயின்றோர் நாளடைவில் குறையை வேலையிலிருந்து வேலை செய்வோன் மேல் மாற்றிவிட்டனர். ரோபோ என்னும் சொல்லின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. சாப்பெக்கின் நாடகத்தில் அவர்கள் தலைவரை எதிர்த்து எழுந்த உழைப்பாளிகள். நூறாண்டு கழியுமுன் வாயிலில் நின்று தலை கழன்று விழும் கோமாளிகள். ‘நட்சத்திரப் போர்’ வரிசையில் 1999இல் வந்த திரைப்படத்து எந்திரப் படையினர், இட்ட ஆணைக்கெல்லாம் ஒரே மறுமொழியைச் சொல்லி வரிசை வரிசையாக வெட்டுண்டு வீழ்வதைக் கண்டு உலகமெங்கும் சிறுவர் சிரித்தனர். கூலியும் உயிரும் இல்லாதவன் ஆகலின் சிரிப்பவர்க்கு உள்ளம் உறுத்தாது.

இங்கேதான் கூத்துக் கட்டியக்காரன் முற்றும் பிரிந்து நிற்கிறான். அவனும் ஏவலாள், அவனுக்கும் அரசன் கூலி கொடுப்பதாகக் கூத்தில் காணோம். கூலி கேட்பதும், ஆண்டுக்கணக்கில் பாக்கி என்பதும் அவன் நகைச்சுவைப் பேச்சின் விருப்பமான பொருள்கள். அதாவது, தான் வெட்டியாள் என்பதை அவனே அவைக்குச் சொல்லிவிடுகிறான். எந்திரன்மேல் அவையோர் நகுவர். கட்டியக்காரனோடு சேர்ந்து அவையோர் அரசன்மேல் நகுவர். ஒன்றில் நகை மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்கின்றது, மற்றதிற் கீழிருந்து மேல்நோக்கி. மாணவர் கூறிய ‘தகரச் சட்டை’ வெறும் சட்டையன்று. அதனை அணிந்தவுடன் அவன் வாய் மூடிவிடுகிறது.

ஏடேறாத பேச்சு

இவ்வாராய்ச்சிக்குப் பெரிய தடை ஒன்று உண்டு. கூத்து நூல்கள் ஏட்டிலும் அச்சிலும் கிடைக்கின்றன. அவற்றில் அரசன் பாடும் விருத்தமும் தருவும் செம்மையாக இருக்கும். கட்டியக்காரன் பேச்சோ மிகச் சுருங்கியிருக்கும், அல்லது இராது. அது கலைஞன் அவ்விடத்தே, அவ்வூருக்கேற்பப் படைத்துக்கொள்வது ஆகலின் எழுதப்படவில்லை. எழுதப்படாமையால் பதிப்பாளர் நோக்கவில்லை. நோக்காமையால் ஆராய்வார் அதனை இடைச்செருகல் என்றும் கொச்சை என்றும் ஒதுக்கினர். ஆல்பு கில்தபைத்தல் திரௌபதி வழிபாட்டைப் பற்றியும், ரிச்சர்டு பிராசுகா பாரதக் கூத்தைப் பற்றியும் விரிவாக எழுதினர். நம் பல்கலைக்கழகங்களிலும் கூத்தைப் பற்றிய ஆய்வேடுகள் பல எழுந்தன. எனினும் ஒரே கட்டியக்காரன் ஒரே கதையை மூன்று ஊர்களில் ஆடுங்கால் மூன்று வகையாக என்ன பேசினான் என்று ஒப்பிட்டுக் காண்பதற்கு நம் கையில் உள்ளவை மிகச் சில. சங்கரதாசு சுவாமிகள் 1922இல் மறைந்து அடக்கமான புதுச்சேரி மண்ணில், அவர் எழுதிய நாடகங்கள் போற்றப்படுகின்றன. அந்நாடகங்களில் பபூன் எழுதாமற் பேசியவை காற்றோடு போயின.

மாயப்பள்ளிக் கதையிலிருந்து தொடங்கினோம். பாகூரில் உண்மையான பள்ளியொன்று இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் அவ்வூர் வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடு கூறும். அங்கு வடமொழிக் கல்வி வளர்ந்தது. வாயிலில் யார் நின்றார் என்பதைச் செப்பேடு சொல்லாது. இத்தகைய கொடைச் சாசனங்களின் இறுதியில், இவ்வறத்தைக் காப்பார் அடி தம் தலைமேலது எனக் கொடுத்தவர் கூறும் வழக்கம் உண்டு. காவலன் காலை அரசன் தன் தலைமேல் வைத்துக்கொள்வதாகச் சொல்லும் இவ்வாசகத்தைக் கட்டியக்காரன் கையில் கொடுத்தால் என்ன செய்வான் என நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களிலிருந்து வரும் முதுகலை மாணவர் தத்தம் ஊர் விழாவில் ஓரிரவுக் கூத்தில் கட்டியக்காரன் பேச்சை மட்டும் ஒலிப்பதிவு செய்து, ஊர்ப் பேச்சு மாறாமல், அவையோர் நகைத்த இடங்களைக் குறித்து எழுதித் தருவராயின், பத்து ஊர்ப் பதிவுகளில் ஓர் ஒப்பாய்வு தொடங்கலாம். எழுதும்போது அவன் பேச்சைச் செந்தமிழாகத் திருத்துதல் கூடாது. அரசன் அடிக்க வந்தபோது எந்தப் பக்கம் ஓடினான் என்பதையும் குறித்தல் வேண்டும். பெரும்பாலும் அவன் அவையோர் இருக்கும் பக்கமே ஓடுகிறான்.